நிறைகுளம் பார்க்கப் போனது

மார்கழி 11, வியாழன்

விடிய முதலே மழை. காய்ந்த உடுப்பு ஒன்றும் இல்லை. குசினிக்குள் கயிறு கட்டி, அடுப்புக்கு மேலே இவருடைய சாரங்கள். வீடு முழுக்கப் புகை மணம்.

செய்ய வேண்டியது: கோழிக்கூட்டுக்குத் தகரம். மச்சாளுக்கு நுளம்பு வலை. சீனி, தேயிலை. வவுனியாவுக்கு, அண்ணாவுக்கு ஒரு போன் கோல்.

மச்சாள் முந்தநாள் லண்டனிலிருந்து வந்தார். இவருடைய ஒரே அக்கா. எங்கள் கலியாணத்துக்கு முன்னமே போனவர். வந்ததும் வராததுமாக ஒரே பாட்டு, இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க வேண்டுமாம். இந்தக் கண்டாவளையிலேயே பிறந்து வளர்ந்தும் ஒருநாளும் கண்டதில்லையாம். கேட்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் உண்மை. இந்த வீட்டு ஆட்கள் போவதில்லை. கதிர் வீட்டுக்கு வரும்வரை வயல்காரன் நிறைகுளத்தை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது மாமா வைத்த சட்டம். கண் பட்டுவிடுமாம். கதிர் வீட்டுக்கு வருகிற நேரம் குளம் இறங்கியிருக்கும். அப்படியே தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு ஆயுள் போயிருக்கிறது.

நான் கிளிநொச்சி டவுன்காரி. எனக்கு அந்தச் சட்டம் இல்லை. சின்னவளாக இருந்தபோது அண்ணாவின் சைக்கிள் பாரில் இருந்து போய்ப் பார்த்தவள்.

இவரையும் கூப்பிட்டோம். "நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ" என்று மண்வெட்டியோடு வெளிக்கிட்டுவிட்டார்.

பயம்தான். நெல் குடலை கட்டி நிற்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் கதிர் தள்ளும். போன மாரியில் பெரும்போகத்தைப் பூச்சி தின்றது. அதற்கு முந்தியது வெள்ளம். பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. இந்தமுறையும் அழிந்தால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவுக்குப் போவோம் என்று இவரே வாயால் சொன்னார். அண்ணாவின் ஹார்ட்வெயார் கடையில் இவருக்கு வேலை, பக்கத்தில் வீடு.

இதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை, எழுதலாம். எனக்குப் போக ஆசை. சேறு, பாம்பு, மழை வந்தால் பயம், மழை வராவிட்டாலும் பயம். போதும் என்று ஆகிவிட்டது.

மார்கழி 12, வெள்ளி

மழை கொஞ்சம் விட்டது. ஓட்டோவில் நானும் மச்சாளும். பரந்தனில் தேத்தண்ணி. மச்சாளுக்குச் சீனி இல்லாமல். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார்.

இரணைமடுச் சந்தியால் திரும்பினதும் எனக்கு இடம் பிடிபடவில்லை. அவ்வளவு வாகனம். யாழ்ப்பாணத்து வான்கள், தெற்கிலிருந்து வந்த பஸ் ஒன்று, ஐஸ்கிறீம் வண்டி தன் பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறது. கச்சான் கடலை, சோளப்பொத்தி. முல்லைத்தீவு முஸ்லிம் நானா ஒருவர் சுடச்சுட வடை போடுகிறார். கலியாணப் படம் எடுக்க வந்த சோடி ஒன்று. பெட்டையின் சீலைக்கரை முழுக்கச் சேறு, ஆனாலும் சிரிக்கிறாள். பாவம்.

காதில் விழுந்தவை:

"அம்மா, இது கடலோ?"

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்கோ, தலை வெட்டுப்படுது."

"உதில விழுந்தால் ஆனையிறவிலதான் எடுக்கலாம்."

அண்ணாவோடு வந்த காலத்தில் இந்தக் குளக்கட்டில் ஒருவரும் உரத்துப் பேசுவதில்லை. கண் தண்ணீரில், காது மேலே, விமானச் சத்தம் வருகிறதா என்று. பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். சண்டை முடிந்து ஊருக்கு வந்த பிறகு ஒருமுறை சந்திவரை வந்தேன். துவக்கோடு நின்ற ஆமியைக் கண்டுவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு இன்றுதான். இவ்வளவு கிட்ட இருக்கிற குளத்தைப் பார்க்க லண்டனிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது!

முதலில் கோபம்தான் வந்தது. என்ன கூத்து இது, என்ன சத்தம். பிறகு குளக்கட்டில் ஏறினேன்.

மறுகரை இல்லை. தண்ணீர், தண்ணீர், பிறகு மேகம். காற்று முகத்தில் அடிக்க மூச்சுப் பிடித்துக்கொண்டது. என் நினைவிலிருந்த குளம் இதில் ஒரு மூலைக்கும் காணாது. மச்சாள் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தார்கள், எல்லோரும் கரைக்கு ஒதுங்கட்டாம். வான்கதவு திறக்கப் போகிறார்கள். யாரோ ஒரு சட்டியில் கற்பூரம் கொளுத்தினார்கள். கதவு ஒன்று மெல்ல உயர்ந்தது. பிறகு பக்கத்துக் கதவு. சத்தத்துக்கு முன்னம் காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர், வெள்ளை வெளேரென்று, நிமிர்ந்து, திரும்ப விழுந்து. நின்ற இடத்தில் எல்லோரும் நனைந்தோம். ஐஸ்கிறீம்காரர் தானாகவே பாட்டை நிறுத்திவிட்டார். படம் எடுத்தவர்களின் கை இறங்கிவிட்டது. தெற்கிலிருந்து வந்த அம்மா ஒருவர் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அழுதேன், ஏனென்று கேட்டால் தெரியாது. பயமும் இல்லை, கவலையும் இல்லை. எவ்வளவு பெரிய ஒன்று, எனக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறது.

மச்சாள் காதுக்குள் கத்திக் கேட்டார்:

"இவ்வளவும் எங்க போகுது?"

"எங்கட வீட்டுப்பக்கம்தான், மச்சாள்."

அவர் கை அப்போதுதான் என்னை விட்டது. கனகராயன் ஆற்றோடு வந்து எங்கள் வயல்களைக் கடந்துதான் இது கடலுக்குப் போக வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்போம் என்று நானே சொன்னேன்.

வரும்போது வடை வாங்கினோம். இவருக்கு நான்கு.

மார்கழி 13, சனி

இரவு முழுக்கக் கொட்டியது. விடியவே சைக்கிளில் வந்து சொல்லிப்போனார்கள், எல்லாக் கதவும் திறந்தாச்சாம், தாழ்வான இடத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டாம். எங்கள் வீடு மேட்டில். வயல் பள்ளத்தில்.

திறக்காமல் விட்டால் கட்டுக்கு ஆபத்து, பிறகு ஊரே இருக்காது. இவர்தான் அதைச் சொன்னார், மச்சாள் ஏதோ திட்ட வாயெடுத்தபோது. மழையையும் திட்ட விடமாட்டார். இந்த வீட்டில் மழையைப் பார்த்து 'போதும்' என்ற சொல் வரக் கூடாது.

மத்தியானம் வரப்பை வெட்டிவிட ஓடினார். நானும் போனேன். வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை, வரப்பே தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று பச்சை நெல்தாள்களின் நுனி அமிழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. வா" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

மார்கழி 14, ஞாயிறு

சமையல்: பருப்பு, கருவாடு. கோழிகள் விறாந்தையில். சீ, மணம்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா குடையோடு வந்தார். அவர்களுடைய வயலும் போய்விட்டது. மச்சாளுக்கும் கேட்கக்கூடியதாக, "கதிர் வரமுன்னம் போய்க் குளத்தைப் பாத்திட்டு வந்தால் பேந்து என்ன நடக்கும்?" என்றார். யாழ்ப்பாணத்தில் பாதி வந்து பார்த்தது, எந்தக் கண் என்று நீங்களே போய்த் தேடிப்பிடியுங்கள் என்றேன். வாய் அப்படிச் சொன்னது. ஆனால் போக ஆசைப்பட்டவள் நான், குளத்தைப் பார்க்கவும், வவுனியாவுக்கும். இரண்டும் கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லையே, கடவுளே.

மச்சாள் அறைக்குள் அழுதார். இவர் வாசலில் நின்று, "அக்கா, நீ பாக்காட்டிலும் மழை பெய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி 18, வியாழன்

வெயில். தண்ணீர் வடிந்துவிட்டது. வயல் அழுகல் மணம். பயிர் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது, மேலே சேறு. குடலையை உரித்துப் பார்த்தேன், உள்ளே கறுத்துவிட்டது.

மச்சாள் புறப்பட்டார். இவரைக் கட்டிப்பிடித்தார். மண் பிடித்த சப்பாத்தைக் கழுவ விடவில்லை, அப்படியே பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணா கோல் எடுத்தான். வீடு துப்புரவாக்கியாயிற்றாம், தைக்கு வரலாமாம். குழாய்த் தண்ணீராம். சரி என்றேன். இவரிடம் சொன்னேன். இவர் ஓம் என்று தலையை ஆட்டினார். சாப்பிடும்போது பாதியில் எழும்பிவிட்டார்.

வீட்டில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அலுமாரி போகும். கலப்பை எதற்கு?

மார்கழி 20, சனி

விடிய எழும்பி முகம் வழித்து வெள்ளைச் சேர்ட் போட்டார். எங்கே என்று கேட்டேன்.

"வெளிக்கிடு. குளத்தைப் பாத்திட்டு வருவம். இனி என்னத்துக்குப் பயம்?"

மோட்டார்சைக்கிளில் போனோம்.

சனம் இல்லை. ஐஸ்கிறீம் இல்லை, வடை இல்லை. சோளப்பொத்தித் தோல் மட்டும் கட்டு முழுக்க. கதவுகள் பூட்டியிருந்தன. வலைக்காரர் ஒருவர் தூரத்தில், நீர்க்காகங்கள், வெயில். அன்றைய இரைச்சலுக்குப் பிறகு இந்த அமைதி காதை அடைத்தது. குளம் மட்டும் அப்படியே, விளிம்பு தொட்டு நிறைந்து, அசையாமல் கிடந்தது. அன்று பார்த்ததைவிடப் பெரிதாக.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளக்கட்டில் ஏறினார். ஐம்பத்துநான்கு வயது. இந்தக் குளத்துத் தண்ணீரில் சின்ன வயதிலிருந்து விதைக்கிறார். மார்கழியில் இதைக் காண்பது இதுதான் முதல். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தண்ணீர்க் கரைக்கு இறங்கிக் குந்திக்கொண்டார். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அப்பினார். அழுகிறாரோ, முகம் கழுவுகிறாரோ, எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. நான் தள்ளி நின்றேன்.

ஐயோ என்று ஏசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எவ்வளவு தண்ணி!" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், மெதுவாக:

"இந்தமுறை சிறுபோகக் கூட்டத்தில சண்டை வராது. எல்லாருக்கும் முழுக்க விதைக்கக் காணும்."

சித்திரையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு மழை கிடையாது, குளத்துத் தண்ணீர்தான். மற்ற வருடங்களில் அது போதாது. ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்து, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கதிரைகளே பறக்கும். உள்ளதை அழித்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு மனுசன் அடுத்ததை விதைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிடித்துத் தள்ளிவிடலாம் போல் இருந்தது. அதே நேரம் அந்த முகம். கலியாணத்தன்றுகூட நான் அப்படி ஒரு முகத்தைக் காணவில்லை. இந்த முகத்தை ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் இருத்தி நான் என்ன செய்வது?

அந்த இடத்திலேயே அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன். நாங்கள் வரவில்லை என்றேன். விசரே, என்ன நடந்தது, வயல்தான் போச்சே என்று கத்தினான்.

"குளம் நிறைஞ்சு கிடக்கு, அண்ணா."

குரலைத் தணித்து, விதைநெல்லுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான்.