எட்டாம் கிண்ணம்

நாள் 1, காலை 9.15
இந்தக் குறிப்பைப் படிப்பவர் யாரானாலும் வணக்கம். நான் திருமலைக்கொழுந்து, வயது ஐம்பத்திரண்டு, மருத்துவக் கல்லூரி நரம்பியல் ஆய்வகம். தோல் செல்லிலிருந்து வளர்த்த மூளைத் திசு, எட்டுக் கிண்ணங்களில், முடுக்குப் பெட்டிக்குள். பூஜ்யத்தில் தொடங்கி, அங்கே ஒரு நாள் போனால் திசுவுக்கு ஒரு வயது கூடும். ஏழு கிண்ணங்கள் மறதி நோயாளிகளுடையவை. எட்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நோயில்லாத ஆள். முறைப்படி ஆள் பிடிக்க நெறிமுறைக் குழு ஆறு மாதம் இழுக்கும். என் தோலையே சுரண்டிப் போட்டுவிட்டேன். இந்தக் கட்டடத்தில் என்னைவிடத் திடமாக இருப்பது துறைத்தலைவரின் தலைச்சாயம் மட்டுமே. பதிவேட்டில் பெயர்க் கட்டம் காலி.

நாள் 20, காலை 9.05
திசுவுக்கு ஐந்து தட்டுத் தாளம் ஒன்று பழக்கியிருக்கிறோம். மின்சாரத்தில் மூன்று தட்டுக் கொடுத்தால் மீதி இரண்டை அது தட்டவேண்டும். எட்டும் தட்டுகின்றன. என்னுடையது முந்திரிக்கொட்டை, மூன்றாவது முடியுமுன்பே பதில். வளர்ப்பறையிலிருந்து ஜெபமணி, எங்கள் டெக்னீஷியன் பெண், இன்டர்காமில்: "சார், எட்டாம் நம்பர் யாரு சார்? சரியான வாயாடியால்லா இருக்கு!"
பெருமையாக இருந்தது. சொல்லவில்லை.

நாள் 53, காலை 9.10
ஏழில் ஐந்து அடங்கிவிட்டன. எதிர்பார்த்ததே. எட்டு ஒரு தட்டோடு நின்றது. வயர் தளர்ந்திருக்கும்.

நாள் 54, காலை 9.10
வயர் மாற்றியாயிற்று. மூன்று கொடுத்தேன். எட்டு அதே மூன்றைத் திருப்பித் தட்டியது. மறுபடி கொடுத்தேன். மறுபடி மூன்று.
இன்டர்காம்: "நோயில்லாத ஆளுன்னுதானே சார் போட்டோம்? யாருன்னு சொல்லுங்க, அவுக வீட்டுல சொல்லணும்லா. இப்பமே மருந்து ஆரம்பிச்சா நாலஞ்சு வருசமாவது கிடைக்கும்."
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நாள் 55, பகல் 12.40
எட்டு மௌனம். மாணவர்களிடம் தொண்டை கிழியச் சொல்வேன்: முதலில் பெயரை எழுது, பிறகு கிண்ணத்தைத் தொடு. பேனாவை எடுத்தேன். எழுதினால் ஆய்வகச் சாவியைத் துறைத்தலைவர் அன்றைக்கே வாங்கிக்கொள்வார், அந்தச் சாயத் தலையை ஆட்டி அனுதாபமும் சொல்வார். மனைவி உலகம்மை தயிர்சாதத்தில் மாதுளை போட்டிருந்தாள். சாப்பிட்டேன். நாளைக்கு.

நாள் 290, காலை 10.30
ஸ்கூட்டரைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேனாம். உலகம்மை சிரித்தாள். அவளைவிடச் சத்தமாக நான் சிரித்தேன். வயது ஐம்பத்துமூன்று. பெயரை எழுதவேண்டும். பேனா இருக்கிறது. எதில்?

நாள் 431, காலை
பழைய பதிவேடு ஒன்று கிடைத்தது. எட்டாம் கிண்ணத்துக்குப் பெயர் இல்லை. எவனோ சோம்பேறி. பாவம் அந்த மனிதர். வீட்டில் யாராவது சொன்னார்களா? மருந்து ஆரம்பித்தாரா? இன்டர்காமில் கேட்டேன்.
"சார்... நேத்தும் நீங்க இதையேதான் கேட்டிய."
நல்ல குரல் அந்தப் பெண்ணுக்கு. பெயர் வாயில் நிற்கிறது.
"சரி, அதை விடுங்க சார். நான் தட்டுதேன், மிச்சத்தை நீங்க தட்டுங்க, என்ன?"
மைக்கில் தட்டினாள். மூன்று.
எனக்கா தெரியாது! உடனே பதில் கொடுத்தேன். மூன்று.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வயர் தளர்ந்திருக்கும். மறுபடி தட்டுகிறேன்.
மூன்று.