திட்டியைச் சுற்றி இன்னொரு சுற்று

மச்சான்,

நேற்று மருமகன் ஒரு சொப்பின் பை நிறைய, ஆற்று அல்லிக்கொடியில் பறித்த ஒல்லிக்காய் கொண்டுவந்து குசினி மேசையில் கொட்டினான். ஒன்றைப் பிளந்தேன். சேறும் பச்சைத் தண்டும் கலந்த வாசம் மூக்கில் ஏறியதும் அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். மனிசி பின்னாலேயே வந்து, "என்ன, தலை சுத்துதா?" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். கடைசியாக உன் உம்மா கேட்ட காய் அது என்று அவளிடம் எங்கே தொடங்கிச் சொல்வது?

தொண்ணூறுகளின் நடுவில், சண்டை ஓய்ந்து ஆற்றுப்பக்கம் பயமில்லாமல் போகக் கிடைத்த சில மாதங்கள். நான் கல்முனைக் கடைத்தெருவில் புடவைத்துணி அளந்து கிழித்து விற்கிறவன், நீ பக்கத்துக் கடையில் தைக்கிறவன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கூழைக்கடாக் கூட்டம் எங்கள் கடைகளுக்கு மேலால் மேற்கே போகும். நீ மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுவாய். கல்யாணச் சட்டைக்கு ஆள் காத்து நிற்கும், உனக்கென்ன கவலை!

"இதுகள் எங்க போய்ப் படுக்கிற? ஒரு நாளைக்குப் பாத்தே தீரணும்" என்பாய்.

"உனக்கு விசர் மச்சான்" என்பேன் நான். ஆனால் கிட்டங்கித் துறையில் கட்டிக் கிடந்த என் சாச்சாவின் தோணியைக் கேட்டு வாங்கியவனும் நான்தான்.

பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் கிளம்பிவிடுவோம். நீ முன்னால் நின்று கம்பு ஊன்றுவாய், நான் பின்னால் இருந்து சவள் வலிப்பேன். ஆளுயரப் பன்புல்லுக்குள் ஒரு வழி திறக்கும், கொஞ்சத் தூரத்தில் மிதக்கும் ஆற்றுவாழை வந்து அடைத்துக்கொள்ளும். ஒருநாள் மரக்கட்டை என்று நான் சவளால் தள்ளியது வாயைத் திறந்தது. அல்லாட காவல்! முதலை தன்பாட்டில் போய்விட்டது, நான் மட்டும் உன் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தேன். அதைக் கடைத்தெரு முழுக்க நடித்துக் காட்டினாயே, பாவி.

அந்தப் போயாவுக்கு நீ வர மனமில்லாமல் நின்றாய். உம்மாவுக்கு இலேசாகக் காய்ச்சல். நான்தான் வாசலில் நின்று, "அசருக்கு முதல் வந்திருவம், வா" என்று நச்சரித்தேன். உள்ளே படுத்திருந்த உம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

"போயிட்டு வா மகன். வரக்குள்ள நாலு ஒல்லிக்காய் கொண்டா, வாய் கசப்பாக் கிடக்கு."

அன்றைக்குத்தான் அதுகள் படுக்கிற இடம் கிடைத்தது. பன்புல் விலகியதும் முன்னால், தண்ணீர் நடுவில் மேடாய் ஒரு திட்டி. அதில் பட்டுப்போன மரங்கள் எச்சத்தால் வெள்ளையடித்தமாதிரி நின்றன. கிளைக்குக் கிளை கூடு, கூட்டுக்குக் கூடு கூழைக்கடா. நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம்! உம்மாவுக்கு வழியிலேயே ஒல்லிக்காய் பறித்திருந்தாய். அதைச் சாரன் மடியில் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாய்.

அப்போதுதான் ஊர்ப்பக்கமிருந்து பள்ளிவாசல் ஸ்பீக்கர் சத்தம் காற்றில் வந்தது. மத்தியான லுஹர் பாங்குக்கு இன்னும் நேரம் கிடந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை, அந்த இழுவை மட்டும் கேட்டது.

"ஆரோ மௌத்துப் போல" என்றாய். இரண்டு பேரும் இன்னாலில்லாஹி சொன்னோம். ஆரோ ஒருவர் இறந்ததற்குச் சொல்வதுபோலத்தான் சொன்னோம். "போவமா மச்சான்?" என்று கேட்டாய்.

"இன்னொரு சுத்து. மறுகா எப்ப வாற?" என்றேன் நான்.

அந்த ஒரு சுற்று இரண்டாகியது. திரும்பும்போது எதிர்க்காற்று வேறு, கரை சேர அசர் தாண்டிவிட்டது. துறையில் உன் கூடப்பிறந்த மூத்த காக்கா வெள்ளைச் சாரனோடு நின்றார். அவருடைய இரண்டு கையிலும் மணல் ஒட்டியிருந்தது. கழுவக்கூட இல்லை.

"எங்கடா போன நீ? அசர் வரைக்கும் உம்மாவ அடக்காம வெச்சிரிந்தமே" என்றார். அவ்வளவுதான். நீ தோணியிலிருந்து குதித்து, நனைந்த சாரனோடு மையவாடிக்கு ஓடினாய். மடியில் ஒல்லிக்காயும் போனது.

என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம் நீ. ஏசவில்லை. நான் அழுதபோதும், "நான்தானே ஏறின, நீயா தூக்கிப் போட்ட?" என்றாய். பிறகு நீ தோணியில் கால் வைக்கவில்லை. அந்தத் திட்டியைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. உனக்கு அது நஞ்சு என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

போன நோன்புக்கு முதல் நீ படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "மச்சான், அண்டைக்குப் பாத்தமே, அந்தக் குஞ்சுகள்... அதைக் கொஞ்சம் கதையேன்" என்றாய். நான் என்ன செய்தேன்? "அதெல்லாம் இப்ப எதுக்கு, முதல்ல குளிசையக் குடி" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த கிழமை உன் ஜனாஸாவைத் தூக்கினோம். உனக்குப் பயந்து அல்ல, எனக்குப் பயந்துதான் அன்று பேச்சை மாற்றினேன்.

உன் மனிசி பிறகு சொன்னா: "அவர் கடைசி வரைக்கும் அசருக்குப் பொறகு வெளிய வந்து மேல பாத்திட்டுத்தான் மறுகா மிஷினில குந்துவார்." பக்கத்துக் கடையிலேயே இருந்தும் அதைப் பார்க்காத குருடன் நான். அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்க்கக் கூசி, கடைக்குள்ளேயே துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

அதனால் இப்போது கதைக்கிறேன், கேள். நான் கேட்டு வாங்கிய அந்தச் சுற்றில்தான் அது நடந்தது. தாழ்ந்த கிளைக் கூட்டில் ஒரு தாய் வந்து இறங்கியது. பஞ்சுமாதிரி ஒரு குஞ்சு எழும்பி, தாயின் வாய்க்குள் தலையை விட்டது, கழுத்தை விட்டது, தோள்வரைக்கும் உள்ளே போய்விட்டது. தாய் அசையாமல் நின்றது. "டேய், உம்மாட தொண்டைக்குள்ளயே இறங்கிட்டான்டா!" என்று நீ சிரித்த சிரிப்பில் தோணி ஆடித் தண்ணீர் உள்ளே வந்தது. கண்ணில் நீர் வர வர சிரித்தாய். அந்த நேரம் ஊரில் உன் உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அன்று திரும்பியிருந்தால் நீ உம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பாய். எத்தனையோ தரம் துஆவில் கையேந்தி, அன்றைக்குப் போகாமல் இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கப் பார்த்தேன். வாய் வரவில்லை மச்சான். கேட்டால் உன் சிரிப்பும் போய்விடுமே. காக்காவின் கையில் இருந்த மணலும் அந்தச் சிரிப்பும் என்னிடம் ஒன்றாகத்தான் கிடக்கின்றன, பிரித்தெடுக்க ஏலாது.

இன்றைக்கு அசருக்குப் பிறகு வெளியே வந்து மேலே பார்த்தேன். போகுதுகள், மச்சான்.