அலசாத நீல நூல்

டீச்சர்,

போன செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், ஏழாம் வகுப்பு ஏ பிரிவிலிருந்து மைதா பசை வாசனை வந்தது. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு என் பி பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசிப்புப் போட்டி வந்துவிட்டால் நம் பள்ளிக்கூடம் முழுக்க இந்த வாசனைதான். ஆனால் இது உங்கள் வகுப்பறைக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். பெஞ்சின் மேல் வெள்ளைத் துணி, அதன் மேல் கற்றையாக ஒரு நீல நூல் சிட்டம், பக்கத்தில் டப்பாவில் பசை ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே போய் அந்த நூலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரல் நீலமாகிவிட்டது.

இதைப் படிக்க நீங்கள் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி நீங்கள் குமாரபாளையத்துக்கு வந்த வருஷம், தலைமையாசிரியை இந்தப் போட்டியைத் தொடங்கினார். வகுப்புக்கு ஒரு புத்தகம், ஒரு பெஞ்ச். ஒரு மாதம் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். பிறகு அதைப் பற்றி அந்தப் பெஞ்சில் ஒரு காட்சி வைக்க வேண்டும். வீட்டில் கிடைக்கும் பொருட்களால்தான் செய்ய வேண்டும். பார்க்க வருகிற நடுவர்கள் எந்தப் பிள்ளையிடம் வேண்டுமானாலும் கேள்வி கேட்பார்கள். ஜெயித்த வகுப்பின் அலமாரி மேல் சுழற்கோப்பை ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கும்.

அது உங்கள் அலமாரி மேல் நான்கு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சுழற்கோப்பை என்ற பேரை மாற்றச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். என் வகுப்புக்குப் போக உங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் காலையில் அது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும்.

நான் உழைக்காதவள் இல்லை டீச்சர். என் வீட்டுக்காரரைப் பிடித்து சீரியல் பல்பு போட்டுக் கலங்கரை விளக்கம் செய்தேன். தெர்மகோலில் கோட்டை கட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நடுவர் ஒருவர் என் வகுப்புப் பெண்ணிடம், “இந்தக் கதையில உனக்கு யாரைப் புடிக்கும் பாப்பா?” என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் விளக்கின் சுவிட்சைப் போட்டேன்.

உங்கள் பெஞ்சில் பார்க்க ஒன்றும் இருக்காது. பழைய துணி, காலி நூல் கோன், கசங்கின காகிதம். ஆனால் உங்கள் பிள்ளைகள் நடுவர்களை நகர விடமாட்டார்கள். “சார், அந்தக் கெழவன் பண்ணுனது தப்புன்னு இவ சொல்றாளுங்க, நான் இல்லீங்கறேன், நீங்களே சொல்லுங்க” என்று சட்டையைப் பிடிக்காத குறைதான். “நல்லாப் பேசப் பழக்கி வெச்சிருக்காங்க” என்று ஆசிரியர் அறையில் நான் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, “பழக்கல டீச்சர், சண்டை போட விட்டேன்” என்றீர்கள். அந்தச் சிரிப்பும் எனக்கு ஆகவில்லை.

ஐந்தாவது வருஷம் நீங்கள் எடுத்தது, பரிசலில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணின் கதை. வெள்ளைத் துணி மணல். நீல நூலைப் பசை போட்டு ஒட்டினால் ஆறு. அதில் முப்பத்திரண்டு காகிதப் பரிசல்கள். ஒவ்வொரு பரிசலிலும் ஒரு பிள்ளை தான் படித்ததைப் பற்றி எழுதிய நாலு வரி. போட்டிக்கு முந்தின நாள் உள்ளே வந்து பார்த்தேன். ஆறு ஒட்டத் தயாராக நூல் கிடந்தது. கோகிலா என்ற பெண், அவள் மாமா வேலை செய்யும் சாயப்பட்டறையிலிருந்து வாங்கி வந்திருந்தாள்.

தேய்த்தேன். நீலம் ஒட்டியது. சாயத் தொட்டியிலிருந்து எடுத்து, அலசாமல் அப்படியே காயப்போட்ட நூல். ஈரம் பட்டால் சாயம் இறங்கிவிடும்.

தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோனில் சுற்றி வருகிற நூல்தான் தெரியும். அதற்குள் அது நாலு தண்ணீர் பார்த்திருக்கும். நீங்களோ மரவள்ளிக் காட்டுக்காரர் மகள். அந்த அறையில் அலசாத நூலைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் அப்பா முப்பது வருஷம் சாயப்பட்டறையில் நின்றவர். எங்கள் வீட்டில் சோறு பிசைகிற கையே ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் பச்சை.

விரலைப் புடவையின் உள்மடிப்பில் துடைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

“என்ன டீச்சர், விரல்ல?”

“பேனா ஒழுகிருச்சுங்க” என்றேன்.

“சோப்பு போட்டுக் கழுவுங்க, இல்லன்னா போகாது” என்றீர்கள். உங்கள் சோப்பையே எடுத்துக் கொடுத்தீர்கள்.

வாங்கிக்கொண்டு போனேன். குழாயடியில் நின்று கழுவும்போது, திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. அலமாரி மேல் இருந்த கோப்பை ஞாபகத்துக்கு வந்தது. நேராக என் வகுப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை உங்கள் வகுப்பில் அழுகைச் சத்தம். ராத்திரியோடு ராத்திரியாகப் பசையின் ஈரத்தில் சாயம் இறங்கி, துணி முழுக்கப் பரவி, பரிசல்களுக்குள் ஏறியிருந்தது. பிள்ளைகள் எழுதியது ஒன்றும் படிக்க முடியவில்லை. நடுவில் வைத்திருந்த நூலகப் புத்தகத்தின் பக்கங்கள்கூட ஓரமெல்லாம் நீலம். “இவ கொண்டாந்த நூலுதான் டீச்சர்” என்று எல்லாரும் கோகிலாவைக் கை காட்டினார்கள். வாசலில் என்னோடு இன்னும் இரண்டு டீச்சர்கள் நின்றிருந்தோம். நீங்கள் துணியைப் பார்த்தீர்கள். பிறகு தலையைத் தூக்கி என் வலது கையைப் பார்த்தீர்கள். நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை. கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அந்த வருஷம் கோப்பை எனக்கு வந்தது. என் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். நீங்கள் வந்து, “நல்லா பண்ணியிருந்தாங்க உங்க பொண்ணுங்க” என்றீர்கள். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோகிலா மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. நீங்கள் பள்ளி விட்டதும் தறிச் சத்தத்துக்கு நடுவில் அவள் வீட்டைத் தேடிப் போய், நாலாம் நாள் கையோடு கூட்டி வந்தீர்கள். அவளை முதல் வரிசையில் உட்கார வைத்தீர்கள். போயிருக்க வேண்டியவள் நான். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு என் மனசில் ஓடியது, ‘இதிலும் இவங்க நல்ல பேர் வாங்கிட்டாங்களே’ என்பதுதான்.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றே பஸ் ஏறினேன். அஸ்தம்பட்டியில் இறங்கி, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். உங்கள் கட்டிலைச் சுற்றி எத்தனை பேர்! எல்லாம் உங்களிடம் படித்த பெண்கள். ஒருத்தி தலை வாரிவிட்டாள், ஒருத்தி கஞ்சி ஊட்டினாள். “வாங்க டீச்சர், எங்க உக்காருவீங்க, இடமே இல்லையே” என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. சாத்துக்குடியை வைத்துவிட்டு, “வாரேனுங்க” என்று வந்துவிட்டேன். உங்கள் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும், எனக்கு இதில் பாதியாவது வருமா என்று கணக்குப் போட்டேன். மாலை போட வந்த இடத்தில் நினைக்கிற நினைப்பா அது?

இப்போது உங்கள் வகுப்பில் ஒரு சின்ன டீச்சர். பனமரத்துப்பட்டிக்காரி. ஏரியைப் பற்றிய ஒரு கதையை எடுத்திருக்கிறாள். உங்களை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவள் பிள்ளைகளும் அதே மாதிரிச் சண்டை போடுகிறார்கள். போன வருஷம் கோப்பை அவளுக்குத்தான். அதே அலமாரி, அதே பல்லிளிப்பு. செவ்வாய்க்கிழமை நீல விரலோடு அந்த அறையில் நின்றபோது, கழுவிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்லவில்லை டீச்சர். என் வகுப்பு வாசல் வரைக்கும் போயும் விட்டேன்.

பிறகு திரும்பி வந்தேன். அவள் சாப்பிட்ட கையோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்க டீச்சர், இது அலசாத நூலுங்க. இப்பிடியே ஒட்டுனா சாயம் எறங்கி எல்லாம் போயிரும்” என்றேன்.

“ஐயையோ, நாளன்னைக்குப் போட்டிங்களே! இப்ப என்னங்க பண்றது?”

“பக்கெட் எடுத்துட்டு வாங்க.”

குழாயடியில் உட்கார்ந்து நானே அலசினேன். முதல் தண்ணீர் மையாக வந்தது. நாலாவது தண்ணீரில்தான் தெளிந்தது. என் கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் நீலம். நூலை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஒட்டினார்கள்.

நேற்று போட்டி. அவள்தான் ஜெயித்தாள்.

வயிறு எரிகிறது டீச்சர், இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறேன். இனி அந்தக் கோப்பை என் அலமாரிக்கு வர ஒரே ஒரு தடவைதான் பாக்கி. அவளுக்குக் கை தட்டும்போது முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். கூட்டம் கலைந்ததும் என் வகுப்புக் குட்டி ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் நீலம்.

“என்னங்க டீச்சர் இது, பேனா ஒழுகிருச்சுங்களா?”

“இல்ல சாமி” என்றேன். “அவங்க நூலை நான் அலசிக் குடுத்தேன்.”