உனக்காகக் காலியாக விட்ட ஏழு வரிகள்

அன்பு வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இதை நலம் என்று எடுத்துக்கொள், நீயும் அங்கே அந்த அளவுக்காவது இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா போய் இரண்டு மாதமாகிறது. நீ ஏன் வரவில்லை என்று கேட்பவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் நானும் என்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

அம்மாவின் தையல் அளவு நோட்டுகளைக் கரையான் தின்கிறதென்று, நீ வெளிநாடு கிளம்பும் முன் உன் பழைய கம்ப்யூட்டரைத் துணி வெட்டும் மேசைக்கு அடியில் வைத்து அவள் அளவுகளைப் பதிந்து வைக்க டேட்டாபேஸ் சர்வராக்கிக் கொடுத்தாயே, இப்போது அதை அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்றாய். நீ எழுதி அனுப்பியபடியே செய்தேன். வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் மட்டும் பேசிய சர்வரை வெளியிலிருந்து கூப்பிட்டாலும் பேச வைத்தேன், ரவுட்டரில் உன் வீட்டு இன்டர்நெட் முகவரிக்கு மட்டும் வழி விட்டேன். அப்படியும் நான்கு நாளாக, "கனெக்ட் ஆகவே மாட்டேங்குதுப்பா" என்று நீ அழாத குறை. தலைகீழாக நின்று பார்த்தும் புரியவில்லை. கடைசியில் குற்றவாளி நானேதான். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை மறந்து யாருடைய பட்டுப் பாவாடையோ கருகியதிலிருந்து, வீட்டைப் பூட்டும் முன் "மெயினை அணைச்சீங்களா?" என்று அம்மா கேட்காத நாளில்லை. இப்போது கேட்க ஆளில்லை, கை மட்டும் தானாகப் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறது, சர்வரும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. உனக்கு ஓய்வு கிடைக்கும் நேரம்தான் நான் நடக்கப் போகும் நேரம். இன்று அணைக்காமல் கிளம்பினேன். தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்தேன், அவள் பேச்சை மீறிவிட்டேன் என்று வாசலிலேயே அழுதுவிட்டேன்.

இனி உனக்கு இணையும். திறக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், தனியாக உட்கார்ந்து பார்க்காதே, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள். உன் பெயர் போட்ட பக்கத்தில் எட்டு வயதுக் கவுனிலிருந்து நீ புறப்பட்டபோது தைத்த கோட்டு வரை எல்லா அளவும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருடா வருடம் உன் பிறந்தநாள் தேதியில் ஒரு வரி. தோள் காலி, இடுப்பு காலி, கை நீளம் காலி, குறிப்பில் மட்டும் "வந்ததும் எடுக்கணும்." மொத்தம் ஏழு வரி. ஒரே வீட்டில் இருந்த எனக்கே இது தெரியாது, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள்.

பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதவில்லை, போனில் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, பேத்தியைத் திட்டாதே, மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். பழைய வரிகளைச் சரிசெய்ய எழுதும் அனுமதியும் கேட்டிருந்தாய். பார்க்க மட்டும்தான் கொடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் காலிக் கட்டங்களை நீயே அங்கே அளந்து நிரப்பிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறதம்மா. டேப் தையல் மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. எனக்கு அளவெடுக்கத் தெரியாது, நீ வந்து நின்றால் கற்றுக்கொள்கிறேன்.

உன் அப்பா