வீராணி ஆளூரில் வண்டி நின்ற கதை

ஓய், யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். வேளிமலை மேல் ஆணை, முக்கடல் மேல் ஆணை, இரணியல் டீக்கடை ரசவடை மேல் ஆணை. நம்பாதவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம்.

உமது குடை என் எதிரே ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. பாசஞ்சர் வண்டி குலுங்கும்போதெல்லாம் அது ஆடி வந்து என் முழங்காலில் தட்டுகிறது. "உறங்காதயும் வேய், குளம் வருது" என்று நீர் அதே குடையால் தட்டுவீரே, சரியாக அதே இடத்தில்.

இது என் கைக்கு வந்த விதம் கேளும். நீர் போய்ப் பதினாறாம் நாள், அடியந்திரச் சாப்பாட்டுப் பந்தி. நான் பிரதமன் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து வந்திருந்த உம் மகன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மாமா அப்பாவ ட்ரெயின்ல இழுத்துட்டு அலையாம இருந்திருந்தா, இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாவ."

பந்தியே என்னைப் பார்த்தது. சுமார் நாற்பதாயிரம் பேர். (இலை போட்டது எண்பதுக்குத்தான்.) நான் இன்னொரு கரண்டி பிரதமன் கேட்டு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "ஆமா மக்கா, நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவரு எந்திரிச்சு வந்தா நாளைக்கும் கூட்டிட்டுப் போவேன்."

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது உம் மருமகள் இந்தக் குடையோடு நின்றாள். "இது உங்க கையில இருக்கட்டு மாமா. கடைசி வர அந்த வண்டி கதையத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. வண்டி நின்னது உள்ளதா?"

அவளுக்குச் சொன்னதைத்தான் உமக்கும் சொல்கிறேன்.

நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு உமக்கு ஒரு கார் வந்தது. ஏசி, மெத்தை, ஓட்டுநர். கூடவே ஒரு சட்டமும் வந்தது: இனி ரயில் கிடையாது. ஆனால் நமக்கு ஏற்கெனவே வேறொரு சட்டம் இருந்ததே. அதை இயற்றியவர் நீர். டிக்கெட்டுக்கும் இரண்டு சாயாவுக்கும் மேல் சட்டைப்பையில் எதுவும் கூடாது. இறங்கிய ஸ்டேஷனில் ஆட்டோ கூடாது. அடுத்த வண்டி வருவதற்குள் நடந்து எவ்வளவு ஊர் பார்க்க முடியுமோ அவ்வளவுதான் நமக்கு விதித்த ஊர். அப்படித்தான் கன்னியாகுமரி தொடங்கி பாறசாலை வரை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தையும் விடாமல், இறங்கி இறங்கி ஏறினோம். ஆரல்வாய்மொழியில் காற்று உமது வேட்டியை உருவிப் பணகுடிக்கு அனுப்பியது. மறுநாள் பாசஞ்சரில் அது தானாகத் திரும்பி வந்தது, மடித்து. சுசீந்திரத்து வயல் கொக்குகள் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றன.

மிச்சம் ஒரே ஒரு ஸ்டேஷன், வீராணி ஆளூர். அதில் இறங்காமல் போனால் உமது கட்டை வேகாது என்றீர்.

கோவிலுக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லிப் புறப்பட்டோம். என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அது. கோட்டாறு ஸ்டேஷனில், முதல் பிளாட்பாரத்தில், இரண்டு ராஜாக்கள்போல் உட்கார்ந்தோம். நாம் ஏற வேண்டிய, திருநெல்வேலியிலிருந்து வரும் வண்டி கோட்டாறுக்கு வராது, நேராக டவுன் ஸ்டேஷன் வழியாகப் போய்விடும் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பிறந்து எழுபது வருடம் இங்கேயே கிடந்த நம் இருவருக்கும் மட்டும் அன்று மறந்துபோனது. தூரத்தில் ஹாரன் கேட்டபோது நீர் சொன்னீர்: "நம்ம வண்டிதான் வேய். நம்மள விட்டுட்டு டவுனுக்குப் போவுது."

"வீட்டுக்குப் போலாமா?" என்றேன்.

"வீட்டுக்கா? அடுத்த வண்டி எப்பன்னு கேளும்."

அடுத்த வண்டியில் போய் இறங்கினோம். தென்னை, வாழை, தாமரைக் குளம். குளக்கரையில் நீர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றீர். சாயா குடித்தோம். திரும்பும்போதுதான் அது நடந்தது. வண்டி வந்துவிட்டது; நாம் பிளாட்பாரத்தின் கடைசி முனையில். நான் ஓடினேன். நீர் இரண்டு முறை நின்றீர். நெஞ்சில் கை. இதை உம் மகனிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து கை நீட்டினேன். குடையால் தட்டிவிட்டீர். "கைய எடும்."

பிறகு குடையை உயரத் தூக்கினீர். பதினெட்டுப் பெட்டியும் தலை வணங்கி நின்றன. என்ஜின் மூச்சை அடக்கியது. குளத்துத் தாமரை இந்தப் பக்கம் திரும்பியது. திருவனந்தபுரம் முதல் சென்னை வரை எல்லா சிக்னலும் சிவப்பு, உமக்காக!

அன்று சாயங்காலமே கோவில் பொய் வெளுத்தது; மகன் வீடியோ காலில் கத்தினான். நீர் போனை முகத்துக்கு நேரே பிடித்துச் சொன்னீர்: "மக்கா, காருல போனா என்னை ஏத்தி இறக்குதாவ, நான் சாமான். ட்ரெயின்ல போனா நான் ஆளு."

அதற்குப் பிறகும் நான்கு மாதம் இருந்தீர். போனது ரயிலில் அல்ல. ஏசி அறையில், மெத்தையில், உறக்கத்தில். இதைப் பந்தியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தகப்பனைப் பறிகொடுத்தவன் யார் மேலாவது கோபப்பட வேண்டும். என் மேல் படட்டும், எனக்கு முதுகு அகலம். ஆனால் வண்டியை நிறுத்த மாட்டேன். என் வீட்டிலும் இப்போது சட்டம் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடமும் கோவிலுக்கு என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பையில் டிக்கெட்டும் இரண்டு சாயாவுக்கான சில்லறையும். ஒரு சாயா உமது கணக்கில் நான் குடிப்பேன்.

இதோ வீராணி ஆளூர் வருகிறது. குடையை எடுத்துக்கொண்டேன்.

இறங்குவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெட்டிகள் வணங்கவில்லை, தாமரை திரும்பவில்லை, நாற்பதாயிரம் பேர் இல்லை, வேட்டி பணகுடிக்குப் போகவில்லை. ஆனால் வண்டி நின்றது. கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நீர் வந்து சேரும்வரை உம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் இருக்கும். நான் பின்னால் கை நீட்டியபடியே நின்றேன். யாரும் உம்மைத் தொடவில்லை. நீரே ஏறினீர்.