இடது பக்கத்து முடி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. மாமாவின் முட்டிவலி தேவலையா? போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறாள். பேசவே அலுத்துக்கொண்டு கிடந்தவள் இப்போது திருத்துகிறாள் என்பதே நல்ல சேதிதான்.

அடுத்த வாரம் நீங்கள் வந்து அவளை அழைத்துப்போவதாகவும், அவளுடைய முடிவெட்டும் கடைச் சாமான்களை விற்றுவிடலாம் என்றும் அவளிடம் சொன்னீர்களாம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

கடை விளக்கை மாற்றப்போய் ஏணியிலிருந்து விழுந்து அவள் தலையில் அடிபட்டதும், ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்துக்கொண்டீர்கள். நீங்கள் ஊருக்குப் போன பிறகு நடந்ததுதான் தெரியாது.

கை கால் எல்லாம் தேறிவிட்டது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவள் மூளை மறந்துவிடுகிறது. கண்ணில் கோளாறு இல்லை. தட்டில் இடப்பக்கம் வைத்தது மட்டும் அப்படியே மிஞ்சும். தினமும் பயிற்சி செய்தால் நிறைய முன்னேறலாம் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னார். நம் ஆளும் பெரிதாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பயிற்சி அட்டைகளைத் துணிக்கூடைக்கு அடியில் போட்டுவிடுவாள். ஒரு நாள் நன்றாகச் செய்தால் மறுநாள் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். வழக்கமாக முடிவெட்ட வருகிறவர்கள் போன் செய்தால், எதிர்க்கடைக்குப் போகச் சொல்லி இவளே அனுப்பிவைத்தாள். எதிர்க்கடைக்காரர் இவளுக்குக் கமிஷன் கொடுத்திருக்க வேண்டும்.

பயிற்சி அம்மாவிடம் போய்ப் புலம்பினேன். "முழு மனசா முயற்சி பண்ணியும் வரலைன்னா அப்புறம் சொல்லிக்க ஒரு சாக்கும் இருக்காதுல்ல? அந்தப் பயம்தான் சார். முயற்சியே பண்ணலைன்னா அந்த வம்பே இல்லை" என்றார்.

அன்று சாயங்காலமே கடை நாற்காலியில் போய் உட்கார்ந்து, எனக்கு வெட்டிவிடு என்றேன். என் முடியின் அருமை உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு முடியாவது நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. அப்படிப்பட்ட முடியைத்தான் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே கத்தரியை எடுத்தாள். வலது பக்கம் பிரமாதமாக வந்தது. இடது பக்கத்தில் ஒரு முடிகூட உதிரவில்லை. தொட்டுக் காட்டினேன். முகம் சுண்டிப்போய்க் கத்தரியை வைத்துவிட்டாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, எனக்கு இனிமே வராது" என்றாள். அந்தக் குரலில் வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது அத்தை.

மிச்சத்தை வேறு எங்காவது வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டாள். நான் எங்கும் போகவில்லை. மறுநாள் காலை அந்தத் தலையை அப்படியே சீவி, சீருடை போட்டுக்கொண்டு பஸ் ஓட்டப் போனேன். டிரைவரின் பின்னந்தலையைப் பார்த்தபடிதானே பஸ்ஸில் எல்லோரும் உட்கார வேண்டும்? அன்று ஒருவர்கூடத் தூங்கவில்லை. கண்டக்டர் சீட்டு கொடுப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார். கேட்டவர்களிடமெல்லாம் கடைப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். என் சம்சாரம் வெட்டினதுதான், இன்னும் பாக்கி இருக்கிறது என்றேன். நம் கடை வழியாகத்தான் என் பஸ் போகிறது. ஒவ்வொரு நடைக்கும் அங்கே ஹாரன் அடித்தேன். மாடி ஜன்னல் திறந்தது, பிறகு படாரென்று மூடியது.

வீட்டில் ரகளை. "என் மானத்தை வாங்கறதுக்குன்னே கிளம்பியிருக்கீங்களா? ஒரு தொப்பியாவது போடுங்க" என்றாள். தொப்பி போட்டால் வியர்க்கும் என்றேன். பேச்சுவார்த்தை நின்றது. நான் அசரவில்லை என்று எழுத ஆசைதான். டிப்போ கண்ணாடியில் என்னைப் பார்த்து அழுகையே வந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது கடையில் விளக்கு எரிந்தது. சட்டைக் காலரைப் பிடித்து என்னை நாற்காலியில் தள்ளினாள். மறுபடியும் வலது பக்கத்துக்கே கத்தரி போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சட்டென்று நிறுத்தினாள். என் தலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். என் இடது காது அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "இங்கதான் இருந்தியா நீ?" என்று காதைக் கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தாள் பாருங்கள், விழுந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. திருப்பித் திருப்பி வெட்டியதில் எனக்குத் தலை சுற்றியது. இந்த யோசனையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பயிற்சி அம்மா கேட்டுவிட்டுக் கைதட்டினார்.

இப்போது சாப்பாட்டுத் தட்டையும் திருப்பிக்கொள்கிறாள். திட்டிக்கொண்டே பயிற்சியும் செய்கிறாள். என் பஸ்ஸில் வருகிறவர்களே சிலர் கடைக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். சிலருக்கு இடது கிருதா கொஞ்சம் நீளம்தான், ஆனால் மறுபடியும் வருகிறார்கள்.

பழைய புத்தி முழுசாகப் போகவில்லை. போன வாரம் கடையில் நல்ல கூட்டம். எல்லாம் சரியாக வந்தது. மறுநாள் கீழே இறங்கவே மாட்டேன் என்றாள். அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்து, என்னால் முடியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போ என்றிருக்கிறாள். நீங்களும் உடனே டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். பெற்ற மனம் வேறு என்ன செய்யும்?

இனியும் அப்படிப் போன் செய்வாள். அப்போது வந்துவிடு கண்ணு என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்றைக்குக் கடைக்கு யார் வந்தார்கள் என்று கேளுங்கள். போனை வைத்துவிட்டு வேண்டிய மட்டும் அழுதுகொள்ளுங்கள். நானும் அப்படித்தான் சமாளிக்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். வாருங்கள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள். அழைத்துப்போக மட்டும் வராதீர்கள்.

அவள் இங்கேயே நன்றாக இருக்கட்டும் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அத்தை. அவளுக்காக மட்டும்தான் கேட்கிறேன் என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை.

உங்கள் இருவரின் ஆசியை வேண்டும்,
மாப்பிள்ளை