பன்றிக்கொட்டில் வாசற்படி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இங்கே ஜெர்மனியில் நான் குளிப்பாட்டிவிடும் ரிட்டர் கிழவர் ஹங்கேரியில், நம் ஊரிலேயே பிறந்தவராம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நம்மவர்கள் துரத்திவிட்ட ஜெர்மன்காரர்களில் ஒருவர். சோப்பு நுரையோடு சுத்தமான ஹங்கேரிய மொழியில் கேட்கிறார்:

"பாலத்துல நெப்போமுக் புனிதர் சிலை இருக்கா?"

"இருக்கு. தலைதான் இல்ல."

"கோயில் மணி?"

"சாவுக்கு மட்டும்தான் அடிக்கிறாங்க. அதனால தெனமும் அடிக்குது."

சிரித்தார். "கல்லறைத் தோட்டத்துல எங்கம்மா கல்லு?"

"பத்திரமா இருக்கு ஐயா" என்றேன்.

மிளகாய்ப்பொடி அனுப்புங்கள், இங்கே கிடைப்பது வெறும் சாயம். அப்படியே, அப்பா அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து தூக்கிவந்து பன்றிக்கொட்டிலுக்கு வாசற்படியாகப் போட்ட கல்லைப் புரட்டிப் பாருங்கள். ரிட்டர் என்று பொறித்திருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

கூப்பிடுகிறார். அவர் முதுகை நாளைக்கும் நான்தான் தேய்க்க வேண்டும்.

உங்கள் பிரோஷ்கா